எந்த மூட்டு எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும்?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ரூபிகான் டிரெயில் என்றொரு பாதை இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பாதை என்று சொல்வது மரியாதைக்குத்தான். பெரும்பகுதி தூரம் பாறைக்குப் பாறை தாவித்தான் வண்டி போகவேண்டும். அங்கே ஊர்ந்து போகும் ஒரு ஜீப்பில் இடது பின்சக்கரம் பாறை மேல் ஏறி மட்கார்டுக்குள் புகுந்திருக்கும். வலது பின்சக்கரம் கீழே பள்ளத்தில் தொங்கும். பார்ப்பவர் கண் டயர் மேலும் ஸ்பிரிங் மேலும்தான் நிற்கும். வண்டியின் பாடிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே அந்த முறுக்கலை முழுக்கத் தாங்குவது சில இரும்புக் கைகளும் அவற்றின் முனைகளில் உள்ள மூட்டுகளும். ஒவ்வொரு மூட்டும் கைக்குள் அடங்கும் அளவுதான்.

பழைய ஜீப்பிலும் மாருதி ஜிப்சியிலும் இந்தச் சங்கதி இல்லை. அங்கே வில் பட்டைகளே ஆக்ஸிலைத் தாங்கும், அதை இடம் மாறாமல் பிடித்தும் வைக்கும். காயில் ஸ்பிரிங் வந்தபோதுதான் கதை மாறியது. காயில் ஸ்பிரிங்குக்கு எடையைத் தாங்க மட்டும்தான் தெரியும். ஆக்ஸில் முன்னே பின்னே ஓடாமலும் பக்கவாட்டில் நகராமலும் பிடிக்க அதனால் ஆகாது. அந்த வேலைக்கு லிங்க் எனப்படும் கைகள் தேவைப்பட்டன. ரேஞ்ச் ரோவர் 1970-இலேயே இந்த வழிக்கு வந்துவிட்டது. ஜீப் ரேங்லர் 1997-ஆம் ஆண்டு மாடலான டிஜே-யில் வில் பட்டையைக் கைவிட்டு, முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங்கும் லிங்க்குகளும் வைத்தது. அதன்பிறகு அமெரிக்க ஆஃப்ரோடு ஆட்களிடையே ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்று உண்டு: அந்த லிங்க் முனைகளில் என்ன மூட்டு போடுவது? ரப்பரா, பாலியூரித்தேனா, இரும்புக் குண்டா?

இருப்பதிலேயே வலுவானதை வாங்கிப் போட்டால் முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. மூட்டின் வேலை ஒரு திசையில் இறுகப் பிடிப்பதும் இன்னொரு திசையில் விட்டுக்கொடுப்பதும். விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் அது மறுத்தால், அந்த விசை அதற்கு அடுத்த பாகத்தை உடைக்கப் போகும்.

ஆறில் நான்கு

வெளியில் மிதக்கும் எந்தத் திடப்பொருளும் ஆறு விதமாக அசையலாம்: மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என்று மூன்று நகர்வுகள், அந்த மூன்று அச்சுகளைச் சுற்றி மூன்று சுழற்சிகள். ஆக்ஸிலுக்கு இதில் இரண்டை மட்டும் அனுமதிக்க வேண்டும். மேலும் கீழும் போகலாம். ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்கச் சாயலாம். மற்ற நான்கையும் தடுத்தாக வேண்டும். இரு முனையிலும் குண்டு மூட்டு உள்ள ஒரு லிங்க், ஓர் அசைவைத் தடுக்கும். ஆகவே நான்கு தடைக்கு நான்கு லிங்க். மேல் லிங்க் இரண்டையும் மேலிருந்து பார்க்கும்போது கூம்பு போலச் சாய்த்து வைத்தால், அவையே பக்கவாட்டு நகர்வையும் தடுத்துவிடும். கணக்கு மிச்சமில்லாமல் தீர்கிறது.

ரேங்லர் டிஜே-யில் கணக்கு அப்படித் தீரவில்லை. ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் நீளவாக்கில் நான்கு லிங்க், பக்கவாட்டுக்கு டிராக் பார் ஒன்று. மொத்தம் ஐந்து தடைகள், தேவையோ நான்குதான். கதவுக்கு இரண்டு கீல் போதும் என்ற இடத்தில் மூன்றாவது கீல் அடித்து, அது ஒரு நூல் விலகிப்போனால் கதவு எப்படி இறுகுமோ, அப்படி இந்த ஆக்ஸிலும் சாயும்போது இறுக வேண்டும். நடைமுறையில் இறுகுவதில்லை. காரணம், லிங்க் முனைகளில் கம்பெனி போட்ட ரப்பர் மூட்டு, அதாவது ரப்பர் புஷ். ஐந்தாவது தடை கேட்கும் சில மில்லிமீட்டரை ரப்பர் நசுங்கிக் கொடுத்துவிடுகிறது.

மாருதி சுசூகி 2023-இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜிம்னியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் ஆக்ஸில் ஒவ்வொன்றையும் பிடிப்பது நீளமான இரண்டு கைகளும், பக்கவாட்டில் டிராக் பார் போன்ற ஒரு பேன்ஹார்டு ராடும். ஒவ்வொரு கையும் ஆக்ஸிலோடு இரண்டு புஷ்கள் வழியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. சேஸில் ஒரே புஷ். வண்டி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போது, இடது கை ஆக்ஸில் குழாயை ஒரு திசையில் திருகப் பார்க்கும், வலது கை எதிர்த்திசையில். தடித்த எஃகுக் குழாய் முறுக்கிக்கொள்ளாது. ஆக, ஆக்ஸில் பக்கத்து நான்கு புஷ்களும் நசுங்கினால்தான் சக்கரம் இறங்கும். அந்த இடத்தில் ரப்பரை எடுத்துவிட்டுக் கெட்டியான பாலியூரித்தேன் (பி.யு.) புஷ் போட்டால் தார்ச்சாலையில் வண்டி ஆடாமல் நிற்பது போல் இருக்கும். பாறையில் சக்கரம் காற்றில் தொங்கும். குண்டு மூட்டு போட்டால் சாயவே சாயாது. சாயவைத்தே தீருவேன் என்று ஓட்டினால் ஆக்ஸிலில் வெல்டிங் வைத்த பிராக்கெட் கிழியும்.

மூட்டை விலைபேசும் முன்பு லிங்க்கை எண்ண வேண்டும் என்பது இதனால்தான்.

ரப்பர்: சறுக்காமல் முறுகும் மூட்டு

ரப்பர் புஷ்ஷை மட்டமாகப் பேசுவது ஆஃப்ரோடு உலகில் ஒரு பழக்கம். உண்மையில் அது நுட்பமான கருவி. உள்ளே ஓர் எஃகுக் குழல், வெளியே ஓர் எஃகுக் குழல், நடுவே இரண்டோடும் ஒட்டவைத்து வல்கனைஸ் செய்த ரப்பர். ரப்பரை எளிதில் இழுத்து முறுக்கலாம். ஆனால் அதன் கனஅளவைக் குறைக்க முடியாது. நாலாபுறமும் அழுத்தினால் அது காட்டும் எதிர்ப்பு, முறுக்கும்போது காட்டும் எதிர்ப்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால்தான் குழலுக்குள் அடைபட்ட ரப்பர் லிங்க்கின் தள்ளுவிசைக்குக் கெட்டியாக நிற்கிறது. போல்ட்டைச் சுற்றிய திருப்பத்துக்கு மட்டும் இளகுகிறது.

இங்கே எதுவும் எதன்மேலும் உரசுவதில்லை. உரசும் பரப்பு இல்லையென்றால் மண் புகுந்து தேய்க்க இடமில்லை, கிரீஸும் வேண்டாம். கன்னியாகுமரி மலையோரத் தோட்டங்களில் வடிக்கிறார்களே, அந்தப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பருக்கு இன்னொரு குணமும் உண்டு. நன்றாக இழுபடும் இடத்தில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அமைந்து படிகமாகின்றன. விரிசலின் நுனியில்தான் இழுவை மிக அதிகம். அங்கேயே ரப்பர் தன்னைக் கெட்டியாக்கிக்கொண்டு விரிசலைத் தடுக்கிறது. கோடிக்கணக்கான அதிர்வுகளைத் தாங்கும் ரகசியம் இது.

ரப்பருக்கு ஆகாதவை மூன்று: எண்ணெய், வெப்பம், ஓசோன். மழைக்கு முன் துருப்பிடிக்காதிருக்க வண்டியின் அடிப்பாகத்துக்கு டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடிக்கும் வழக்கம் நம்மூர் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. இரும்புக்கு அது நல்லதாக இருக்கலாம். புஷ் அந்த எண்ணெயைக் குடித்து உப்பும், இளகும், கொஞ்ச நாளில் பிய்யும்.

ரப்பர் புஷ் சீக்கிரம் கிழிவதற்குப் பெரும்பாலும் பொருள் காரணமில்லை, போல்ட் இறுக்கிய விதம்தான் காரணம். போல்ட் இறுகியதும் உள்குழல் பிராக்கெட்டோடு ஒன்றாகிவிடும். அதன்பின் லிங்க் ஆடும்போதெல்லாம் ரப்பர்தான் முறுகும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆக்ஸில் கீழே தொங்கும் நிலையில் போல்ட்டை முழுக்க இறுக்கினால், அந்தத் தொங்கலே ரப்பரின் இயல்பு நிலை ஆகிவிடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும், நிற்கும்போதுகூட ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். அதன் தாங்கும் கோணத்தில் பாதி அங்கேயே தீர்ந்துபோகலாம். போல்ட்டை விரலால் கோத்து, வண்டியை நாலு சக்கரத்திலும் நிறுத்தி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, அதன்பிறகுதான் கடைசி இறுக்கு.

ரப்பரின் உண்மையான எல்லை கோணத்தில் இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் 25 சென்டிமீட்டர் ஏறி, மற்றது 25 சென்டிமீட்டர் இறங்கினால், ஆக்ஸிலின் சாய்வு ஏறத்தாழ 19 டிகிரி. இந்தச் சாய்வு போல்ட்டைச் சுற்றி வரும் திருப்பம் அல்ல; புஷ்ஷின் வெளிக்குழல் உள்குழலோடு நேராக நில்லாமல் கோணிக்கொள்வது. சாதாரண ரப்பர் புஷ் இந்தக் கோணலில் சில டிகிரிவரைதான் தாங்கும். அதற்குமேல் ஓரங்கள் நசுங்கி, எஃகிலிருந்து ஒட்டுப் பிரியும். வண்டியை உயர்த்தி, நீள ஸ்பிரிங் போட்டு, பாறை ஏறத் தொடங்கியவர்கள் வேறு மூட்டு தேடியது இதனால்தான்.

பாலியூரித்தேன்: பாதி வழி

முதல் மாற்று பி.யு. புஷ். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு 1937-இல் உருவாக்கிய பொருள் பாலியூரித்தேன். எண்ணெய்க்கு அசராது, தேய்மானம் குறைவு, ரப்பரைவிடக் கெட்டி. கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் வாகன ரப்பர் புஷ் பொதுவாக 50 முதல் 70 வரை, பி.யு. 80 முதல் 95 வரை.

பெரும்பாலான பி.யு. புஷ் எஃகோடு ஒட்டியிருப்பதில்லை. உள்குழலைச் சுற்றிச் சறுக்குகிறது. சறுக்கும் இடத்தில் கிரீஸ் வேண்டும், கிரீஸ் உள்ள இடத்தில் மணல் ஒட்டும். வறண்டுபோனால் கீச்சுக் குரல் கேட்கும். கோணலுக்கு அது ரப்பர் அளவுகூட இளகாது. தார்ச்சாலைக் காருக்கும், ஒரே தளத்தில் ஆடும் லிங்க்குக்கும் அது நன்று. பாறையில் முறுகும் லிங்க்குக்கு ரப்பரைவிடக் கெட்டியான ஒன்றைப் போடுவது, பிரச்சினையை பிராக்கெட்டுக்கு அனுப்பிவைப்பதுதான்.

இரும்புக் குண்டு

அடுத்தது ஹெய்ம் ஜாயின்ட். பிரிட்டனில் ரோஸ் ஜாயின்ட். துளையிட்ட எஃகுக் குண்டு ஒன்று எஃகு வளையத்துக்குள் உருளும். வளையத்தின் வாலில் மரை. 1940-இல் பிரிட்டனில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மன் போர் விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் இது கிடைத்ததாகவும், பின்னர் வட அமெரிக்காவில் ஹெய்ம் கம்பெனியும் பிரிட்டனில் ரோஸ் பேரிங்ஸும் தயாரிப்பு உரிமை பெற்றதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இரண்டு பெயர் வந்த கதை அது.

லிங்க்கின் நீளவாக்கில் இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் இதற்கு நிகர் இல்லை. அந்த விசை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 33 அங்குல டயர். ஆக்ஸிலில் கீழ் லிங்க்கின் போல்ட் தரையிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்திலும், மேல் லிங்க்கின் போல்ட் 55 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்கட்டும். பின்சக்கரங்கள் இரண்டும் பாறையைப் பற்றி வண்டியை 1 டன் விசையோடு முன்னே தள்ளுகின்றன. ஆக்ஸிலோ பின்பக்கமாகப் புரள முயல்கிறது. அதைத் தடுக்கக் கீழ் லிங்க்குகள் தள்ள வேண்டும், மேல் லிங்க்குகள் இழுக்க வேண்டும். நெம்புகோல் விதிப்படி, கீழ் லிங்க்குகள் இரண்டும் சேர்ந்து தாங்குவது 2.75 டன், மேலே உள்ளவை 1.75 டன். தரையில் 1 டன்னாக இருந்தது மூட்டுக்கு வரும்போது பெருகிவிட்டது. மேல் போல்ட்டை 10 சென்டிமீட்டர் தாழ்த்தி 45-இல் வைத்தால் அதே தள்ளுவிசைக்குக் கீழே 4.5 டன், மேலே 3.5 டன். பிராக்கெட்டைப் பொருத்திய உயரமே மூட்டின் ஆயுளைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. இதெல்லாம் மெதுவாக ஏறும்போது உள்ள கணக்கு. காற்றில் சுழலும் சக்கரம் சட்டென்று பாறையைப் பற்றினால் விசை இன்னும் ஏறும்.

இவ்வளவையும் நல்ல ஹெய்ம் ஜாயின்ட் தாங்கும். அதன் பலவீனம் கழுத்தில் இருக்கிறது. கீழ் லிங்க்கின் நடுவே பாறை இடித்தால் வாலுக்கு வருவது வளைவு விசை. அது வந்து குவியும் இடம் லாக் நட்டுக்கு அடுத்த முதல் மரை. வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். முக்கால் அங்குல வாலிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குப் போனால் விட்டம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. வளைவைத் தாங்கும் திறனோ நாலரை மடங்குக்கு மேல். பாறை ஏறுபவர்கள் கீழ் லிங்க்குக்குத் தடித்த வாலும், பாறைக்கு எட்டாத மேல் லிங்க்குக்குச் சற்று மெல்லியதும் போடுவது இந்த மும்மடிக் கணக்கால்தான். லாக் நட் தளர்ந்தால் வால் மரைக்குள் ஆடி ஆடி மரையையே தின்றுவிடும். பயணம் போகும் முன் கை வைத்துப் பார்க்க வேண்டிய முதல் இடம் அது.

இன்னொரு குறை, இந்த மூட்டுக்கு அதிர்வைத் தின்னத் தெரியாது. குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் குண்டு ஒரு பக்கம், பிரேக்கை மிதித்தால் மறுபக்கம் என்று ஒவ்வொரு முறையும் சுத்தியல் அடி விழும். அடி விழ விழ இடைவெளி கூடும். அந்த ‘டக் டக்’ ஓசையே பிராக்கெட் வெல்டிங்குக்கும் சேஸுக்கும் நேராகப் போகும் விசை. சிலவற்றில் நடுவே டெஃப்ளான் படலம் உண்டு. ஓசை அடங்கும், ஆனால் சேற்று மணல் புகுந்தால் படலம் கிழியும். பாலைவன ரேஸ் வண்டிகளில் மரை வாலே இல்லாமல் குண்டு பேரிங்கை மட்டும் கிண்ணத்தில் அழுத்திப் பொருத்துகிறார்கள். கழுத்து வளையும் பிரச்சினை போய்விடுகிறது. தேய்மானம் போவதில்லை. அந்த வண்டிகளை ரேஸ் முடிந்ததும் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

குண்டும் மெத்தையும்

இரண்டின் நன்மையும் வேண்டும் என்ற தேடலில் வந்தது, அமெரிக்காவில் கரி குடும்பத்தார் ஜீப்களுக்காகக் கொண்டுவந்த ஜானி ஜாயின்ட்டும் அதே வழியில் வந்த மற்ற ஃப்ளெக்ஸ் ஜாயின்ட்டுகளும். துளையிட்ட எஃகுக் குண்டு இருக்கிறது. அது நேராக எஃகில் உருளாமல், கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணங்கள் இரண்டின் நடுவே உருள்கிறது. மொத்தத்தையும் ஒரு தடித்த எஃகு உறை மூடி, வாஷரும் ஸ்னாப் ரிங்கும் அழுத்திப் பிடிக்கும். பக்கத்தில் ஒரு கிரீஸ் நிப்பிள்.

கோணலுக்கு இது குண்டுபோல் திரும்பும். சிறு அதிர்வைக் கிண்ணம் வாங்கிக்கொள்ளும். உறையை லிங்க் குழாயோடு வெல்டிங் வைத்துவிட்டால் அந்த முனையில் வளைய மரைக் கழுத்து இல்லை. கிண்ணம் தேய்ந்தால் கிண்ணத்தை மட்டும் மாற்றலாம். கிரீஸ் பம்ப் அடிக்கும்போது பழைய கிரீஸ் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓரத்தில் பிதுங்கி வரவேண்டும். அதுவரை அடிக்க வேண்டும். சேற்றில் ஊறிய பயணத்துக்குப் பிறகு அதைத் தவிர்த்தால், தங்கிய மண் கிண்ணத்தைச் சாணை பிடிக்கத் தொடங்கும்.

இரு முனையிலும் உருளும் குண்டு போட்டால் இன்னொரு சின்னத் தொல்லை: லிங்க் தன் அச்சிலேயே சுழன்று தளதளவென்று ஆடும். நேரான லிங்க்குக்கு அதனால் கேடில்லை. பாறைக்கு ஒதுங்க வளைத்துச் செய்த லிங்க் கவிழ்ந்து எதிலாவது இடிக்கும். ஒரு முனையில் ரப்பர் புஷ்ஷும் மறுமுனையில் ஃப்ளெக்ஸ் ஜாயின்ட்டும் போட்டால் சுழற்சி நிற்கும். ரப்பரைச் சேஸ் பக்கம் வைத்தால் சாலை அதிர்வும் உள்ளே வராது. தினசரி ஓட்டவும் வேண்டும், மாதம் ஒருமுறை மலை ஏறவும் வேண்டும் என்பவருக்கு இந்தக் கலப்புதான் நீண்ட நாள் உழைக்கும்.

நிலம் சொல்லும் தேர்வு

ஒரே மூட்டு எல்லா மண்ணுக்கும் ஆகாது. ரூபிகான் பாறையில் வேகம் இல்லை, கோணல் அதிகம், இடி கீழிருந்து வரும்; அங்கே தடித்த ஃப்ளெக்ஸ் ஜாயின்ட். பாலைவனத்தில் கோணல் குறைவு, வேகமும் அடியும் அதிகம். அங்கே துல்லியமான குண்டு பேரிங்கும் அதை அடிக்கடி மாற்றும் பழக்கமும். மலேசியாவில் 1997 முதல் பருவமழைக் காலத்தில் நடத்தப்படும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற சேற்றுப் போட்டிகளில், திறந்த குண்டுக்கு முதல் எதிரி நீரில் கரைந்த மண். அங்கே உரசும் பரப்பே இல்லாத ரப்பருக்கோ, உறையும் கிரீஸும் உள்ள மூட்டுக்கோதான் ஆயுள்.

எந்த மூட்டானாலும் போல்ட்டை இரு பக்கமும் காது உள்ள பிராக்கெட்டில்தான் கோக்க வேண்டும். ஒற்றைக் காதில் தொங்கும் போல்ட் வளையும். இரண்டு காதுக்கு நடுவே நிற்கும் போல்ட் இரண்டு இடத்தில் வெட்டு விசையைப் பகிர்ந்துகொள்ளும். காதுகள் உள்குழலை இறுகக் கவ்வியிருந்தால் விசையை உராய்வு தாங்கும். கவ்வல் தளர்ந்தால் போல்ட் துளையிலேயே இடித்து, வட்டத்துளை முட்டை வடிவாகும். அதன்பிறகு எவ்வளவு விலை உயர்ந்த மூட்டு போட்டாலும் ஓசை போகாது.

புது மூட்டு வாங்க நினைப்பவர் முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் படுத்து, ஓர் ஆக்ஸிலுக்கு எத்தனை கைகள் என்று எண்ணட்டும். கூம்பாக நான்கு லிங்க், அல்லது நீளவாக்கில் மூன்றும் டிராக் பார் ஒன்றும் என்றால், எந்தக் குண்டு மூட்டும் தடையின்றி வேலை செய்யும். பணத்தைக் கீழ் லிங்க் முனைகளில் போடலாம். நீளவாக்கில் நான்கும் டிராக் பாரும் என்றால், ஒவ்வொரு லிங்க்கிலும் ஒரு முனையாவது ரப்பராக இருக்கட்டும். ஜிம்னி போல ஆக்ஸிலில் இரண்டு புஷ் வைத்துப் பூட்டிய கை என்றால், கம்பெனி ரப்பரையே புதிதாக வாங்கிப் போட்டு, வண்டியைத் தரையில் நிறுத்திப் போல்ட்டை இறுக்குவதுதான் சரியான செலவு. தேய்ந்த புஷ்ஷை ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம். ஆக்ஸிலிலிருந்து கிழிந்த பிராக்கெட்டுக்கு வெல்டரைத் தேடி, வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.